கரண்ட் வந்ததும் ஸ்விட்சைப் போடாதீர்கள்

டிசம்பர் பிறந்தால் சென்னைக்காரர்களுக்கு வானத்தைப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும். மெழுகுவத்தி, டார்ச், பிஸ்கட், வாளி வாளியாகத் தண்ணீர் என்று சேர்த்து வைப்போம். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அதோடு இன்னொரு கவலையும் உண்டு. கரண்ட் போனால் மீன் செத்துவிடுமோ என்று பயப்படுகிறோம். கரண்ட் திரும்பி வரும் நேரத்துக்கும் பயப்பட வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வர்தா புயல் நினைவிருக்கிறதா? 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. எங்கள் தெருவில் மட்டும் நான்கு மரங்கள், இரண்டு மின்கம்பங்கள் விழுந்தன. மூன்று நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் முதல் ராத்திரியே கண்ணை மூடிவிட்டது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வாங்கலாமென்றால் கையில் காசில்லை. பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏ.டி.எம்.மும் இல்லை, கார்டு தேய்க்கும் மெஷினும் இல்லை.

எங்கள் மூன்றடித் தொட்டியும் அதிலுள்ள ஆறு கோல்டு ஃபிஷ்களும் மகள் கல்யாணமாகிப் போகும்போது எங்களிடம் ஒப்படைத்தவை. செவ்வாய்க்கிழமை காலையில் மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது." காற்று போதவில்லை என்று அர்த்தம். ஒரு சுத்தமான மக்கை எடுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினோம். பகலில் அரை மணிக்கு ஒரு தரம் அவள், ராத்திரியில் நான். என் வயதுக்காரர்களுக்கு ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கும் வரம் உண்டே! தீனி போடவே இல்லை. நல்ல மீன் சில நாள் பட்டினி தாங்கும். தின்றால்தான் கழிவு, கழிவு சேர்ந்தால் அம்மோனியா.

எதிர் வீட்டு நண்பரும் இப்படித்தான் மூன்று நாள் கண் விழித்துத் தன் மீன்களைக் காப்பாற்றினார். அவருடையது பெரிய தொட்டி. கீழே கேபினெட்டுக்குள் மூடிய டப்பா மாதிரி கேனிஸ்டர் ஃபில்டர். வியாழக்கிழமை சாயங்காலம் கரண்ட் வந்தது. தெருவே கைதட்டியது. அவர் சந்தோஷமாக ஸ்விட்சைப் போட்டார். மறுநாள் காலை வாசலில் நின்று சொன்னார்: "புயலுக்குத் தப்பிச்சதுங்க சார். கரண்ட் வந்து கொன்னுடுச்சு." அன்று அவர் காப்பி கூடக் குடிக்கவில்லை.

ஃபில்டர் என்றால் அழுக்கை வடிகட்டும் பஞ்சு என்று நினைக்கிறோம். அந்தப் பஞ்சிலும் அதனுள் போடும் பீங்கான் வளையங்களிலும் கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அதிக ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது அவைதான். அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். தண்ணீர் ஓடாமல் நின்றால் மூடிய டப்பாவுக்குள் இருக்கும் ஆக்சிஜன் சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். அவை சாக, உள்ளே தேங்கிய தண்ணீர் அழுகிய முட்டை போல நாறும். ஸ்விட்சைப் போட்ட நிமிடம் அந்தச் சாக்கடை முழுக்கத் தொட்டிக்குள் பாயும்.

எனக்கு இதைச் சொல்லி வைத்தவர் குளத்தூர் மீன் கடைக்காரர் ஒருவர். அதனால் முதல் நாள் சாயங்காலமே பஞ்சை வெளியே எடுத்து, ஃபில்டர் டப்பாவில் விடாமல், திறந்த தொட்டித் தண்ணீரிலேயே மிதக்க விட்டிருந்தேன். அப்படிச் செய்ய முடியாதவர்கள், கரண்ட் வந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபில்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். குளோரின் மிச்சமிருக்கும் பாக்டீரியாவையும் தீர்த்துவிடும். ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரை எடுத்து அதில் அலசுங்கள். கால் பங்குத் தண்ணீரை மாற்றி, நான்கைந்து நாள் தீனியைக் குறைத்துப் போடுங்கள்.

மின்சார விஷயத்திலும் அவசரம் வேண்டாம். கம்பத்தில் வேலை நடக்கும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். நான் ஃப்ரிட்ஜுக்கும் ஃபில்டருக்கும் பத்து நிமிடம் கழித்துத்தான் உயிர் கொடுப்பேன். எத்தனை அவசரமானாலும் பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீருக்குள் கை விடக்கூடாது. ஒயர் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி, பிறகு மேலேறட்டும். அப்போது வழியும் நீர் தரையில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. ஏர் பம்பைத் தொட்டித் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்திருந்தால் டியூபில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். கரண்ட் நின்றதும் தண்ணீர் டியூப் வழியே பின்னோக்கி வடிந்து பம்பையும் நனைக்கும், ஹாலையும் நனைக்கும். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் ஃபில்டரை விட்டுவிட்டு ஏர் பம்பை மட்டும் அதில் கொடுத்தாலே போதும். சாதாரண மின்விசிறிக்கு 75 வாட், சின்ன ஏர் பம்புக்கு ஐந்து வாட். எங்கள் வீட்டில் இதற்கு மனைவியின் ஒப்புதல் கிடைக்க இரண்டு கோடைகாலம் ஆயிற்று.

எதிர் வீட்டு நண்பர் இரண்டு வருடம் தொட்டியைக் காலியாகவே வைத்திருந்தார். பிறகு பேத்தி கேட்டாளென்று மறுபடி மீன் வாங்கினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது இரண்டு நாள் கழித்துக் கரண்ட் வந்தது. ஐந்து நிமிடத்தில் அவரிடமிருந்து போன். "சார், ஸ்விட்சைப் போடலை. ஃபில்டரை வெளியே தூக்கி வெச்சிருக்கேன். கிளிப் இறுகிப்போச்சு, திறக்க வரலை. அந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கிட்டு கொஞ்சம் வர்றீங்களா?"