சிறார் மச்சமும் நோயியலாளரின் தீர்ப்பும்

ஐந்து வயதுப் பிள்ளையொன்றின் கன்னத்திலே சில மாதங்களுள் வளர்ந்துவிட்ட இளஞ்சிவப்பு மச்சம் ஒன்று வெட்டியெடுக்கப்பட்டு, நோயியல் ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படுகின்றது எனக் கொள்வோம். நுணுக்குக்காட்டியின் கீழே தென்படுவன பருத்த கலங்கள். அவற்றின் கருக்களும் பெரியன. ஆங்காங்கே பிரிவடையும் கலங்களும் உள. இதே காட்சி அறுபது வயதினர் ஒருவரின் தோலிலே காணப்படுமாயின், மெலனோமா என்னும் கொடிய புற்றுநோயோ என்ற ஐயமே முதலில் எழும். பிள்ளையின் விடயத்திலும் அவ்வாறே எழுதிவிடலாமா? எழுதினால், வேண்டாத சத்திரசிகிச்சைக்கும் ஒரு குடும்பத்தின் பல்லாண்டு அச்சத்துக்கும் அவ்வொரு சொல் காரணமாகலாம். எழுதாதுவிட, அது மெய்யாகவே மெலனோமாவாக இருந்துவிட்டாலோ, பிள்ளையின் உயிருக்கே இடராகும்.

இவ்விக்கட்டைத் தெளிவுற எடுத்துரைத்தவர் நியூயோர்க் நகரின் மெமோரியல் வைத்தியசாலையில் நோயியலாளராகப் பணியாற்றிய சோபி ஸ்பிற்ஸ் (1910 - 1956) என்னும் பெண்மணியாவார். வெப்பவலய நோய்களின் நோயியல் பற்றி 1945 இல் வெளிவந்த படத்தொகுப்பு நூலின் ஆசிரியர் இருவருள் ஒருவரும் இவரே; இலங்கை மருத்துவ மாணவர் அறிந்திருக்கத்தக்க செய்தி இது. 1948 இல் அவர் வெளியிட்ட கட்டுரை 13 பிள்ளைகளின் கட்டிகளைப் பற்றியது. நுணுக்குக்காட்டியிலே அவை மெலனோமாக்களாகவே தோன்றின. ஆயின் அப்பிள்ளைகளுள் நோய் பரவி இறந்தவர் ஒருவரே. வளர்ந்தோரிடத்து அக்காலத்தில் இத்தகைய விளைவை எவரும் எதிர்பார்த்திரார். கண்ணாடித் தகடு ஒன்று கூற, பிள்ளைகளின் பிற்கால வாழ்வு வேறொன்று கூறிற்று. கண்ணை நம்பியே பயின்ற ஒரு துறையிலே, கண் கண்டதை விடுத்துக் காலம் காட்டியதை ஏற்பது எளிய துணிவன்று. ஆயினும் அவர் தமது கட்டுரையின் தலைப்பில் மெலனோமா என்ற பெயரைக் கைவிடவில்லை. அவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்ற மச்சங்களே என்ற தெளிவு பின்னரே வலுப்பெற்றது; இன்று அவை ஸ்பிற்ஸ் மச்சம் என அவர் பெயராலேயே வழங்குகின்றன. இறந்துபோன அந்த ஒரு பிள்ளையின் கட்டியோ மெய்யான மெலனோமாவென்றே பிற்காலத்தவர் பலர் கருதுகின்றனர்.

இரண்டையும் வேறுபிரிக்கும் குறிகள் யாவை? தனிக்கலம் ஒன்றை எத்துணை உருப்பெருக்கி நோக்கினும் விடை கிட்டாது. முதலிற் குறைந்த உருப்பெருக்கத்திலே முழுக் கட்டியின் அமைப்பையும் நோக்குதல் வேண்டும். ஸ்பிற்ஸ் மச்சம் பெரும்பாலும் இருபுறமும் ஒத்த சமச்சீருடையது. அதன் ஓரங்கள் தெளிவாக முடிவடைவன. கதிருருவான கலங்கள் கூட்டங்கூட்டமாக மேற்றோலிலிருந்து செங்குத்தாகக் கீழ்நோக்கித் தொங்கும். அதனை வாழைச்சீப்புக்கு ஒப்பிடுவது நோயியலாளர் வழக்கு. கலக்கூட்டங்களைச் சுற்றிப் பிறை போன்ற வெடிப்புகள் காணப்படும். மேற்றோலிலே இளஞ்சிவப்பாகச் சாயமேறும் உருண்டைகள் சில தோன்றுவதுமுண்டு. 1979 இல் அவற்றை விவரித்த கமினோவின் பெயராலே அவை சுட்டப்படுகின்றன. இவை யாவற்றினும் முதன்மையானது 'முதிர்ச்சி' எனப்படும் குறி. தோலின் ஆழத்துக்குச் செல்லச் செல்லக் கலங்கள் சிறுத்து, தனித்தனியே பிரிந்து அடங்கிவிடுகின்றன. மெலனோமாவிலோ ஆழத்திலும் அவை பருத்தே நிற்கும்; அடித்தளத்திலுங்கூடக் கலப்பிரிவு நிகழும்.

நூலிலே வாசிக்கையில் இவை தெளிவாகவே உள்ளன. தகட்டிலே சில குறிகள் ஒருபுறமும் சில மறுபுறமும் சாய்ந்து நிற்கும்போதுதான் துன்பம் தொடங்குகின்றது. 1999 இல் வெளிவந்த ஓர் ஆய்விலே, இத்தகைய 30 கட்டிகளின் தகடுகள், இத்துறையிற் கைதேர்ந்த 10 நோயியலாளரிடம் விளைவு கூறப்படாமலே கொடுக்கப்பட்டன. பல கட்டிகளைப் பொறுத்தவரை அவர்களிடையே ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. நோயாளியின் உயிரைக் குடித்த கட்டிகள் சிலவற்றையும் அவர்களுட் பலர் தீங்கற்றவை எனக் கொண்டிருந்தனர். அறியாமையாலே நேர்ந்த பிழையென இதனை ஒதுக்கிவிட முடியாது.

அதே 1999 இல் நிறமூர்த்தங்களை நோக்கிய ஆய்வு புதிய வழியொன்றைத் திறந்தது. மெலனோமாக்களிலே நிறமூர்த்தப் பகுதிகள் பலவாறு கூடியும் குறைந்தும் காணப்பட, ஸ்பிற்ஸ் மச்சங்களுட் பெரும்பாலானவை அத்தகைய மாற்றமற்றிருந்தன. சிலவற்றில் பதினோராம் நிறமூர்த்தத்தின் குறும்புயம் மாத்திரம் மிகுந்திருந்தது. இரு பரம்பரையலகுகள் உடைந்து ஒன்றோடொன்று இணைவதாலே இவற்றுட் பல தோன்றுகின்றன என்பது 2014 இல் வெளியாயிற்று. ஆயினும் அவ்விணைவு தீங்கற்ற மச்சத்திலும் உண்டு, தீய கட்டியிலும் உண்டு. நிணநீர்க்கணுவிலே கலங்கள் காணப்படுவதுங்கூட, வளர்ந்தோரிடத்துத் தரும் பொருளைப் பிள்ளைகளிடத்துத் தருவதில்லை. கணுவிலே கலங்களைக் கொண்டிருந்தும் நலமாக வளர்ந்த பிள்ளைகள் பலர்.

ஆகவே சில அறிக்கைகளிலே மூன்றாவதொரு சொற்றொடர் இடம்பெறுகின்றது: 'இயல்பு பிறழ்ந்த ஸ்பிற்ஸ் கட்டி'. தீர்ப்பை ஒத்திவைக்கும் சொற்றொடர் அது. புற்றுநோயா, இல்லையா என்று வினவும் தாய்க்கு அதனை விளக்குவது மருத்துவருக்கு எளிதன்று. கட்டி முற்றாக அகற்றப்பட்டதா எனப் பார்க்கப்படுகின்றது. தகடு மற்றொரு நிபுணருக்கு அனுப்பப்படுகின்றது. பிள்ளை குறித்த தவணைகளில் மீண்டும் மீண்டும் அழைத்துவரப்படுகின்றது. ஒவ்வொரு தவணையிலும் மருத்துவர் பழைய தழும்பைத் தடவிப் பார்த்து, கழுத்தின் கணுக்களைத் தொட்டுப் பார்த்து, அடுத்த நாளைக் குறித்துக் கொடுக்கின்றார்.