வாசனையை ஒளிக்காத ஊர்

பாரிஸ் நகரின் கிழக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் வாங்கப் போன எனக்கு முதல் வார்த்தையிலேயே சங்கடம் வந்து சேர்ந்தது. “த்ருவா” என்றேன். ஜன்னலுக்கு அப்பால் இருந்த அம்மாள் மூன்று விரல்களைக் காட்டினாள். பிரெஞ்சு மொழியில் ‘மூன்று’ என்ற எண்ணையும் அந்த ஊரின் பெயரையும் ஒரே மாதிரிதான் உச்சரிக்க வேண்டுமாம்! நல்லவேளையாக என்னுடன் வந்திருந்த புதுச்சேரி நண்பர் குறுக்கிட்டார். இல்லாவிட்டால் கையில் மூன்று டிக்கெட்டுகளுடன் விழித்திருப்பேன்.

நண்பர் முப்பது வருஷமாகப் பாரிஸில் குடியிருப்பவர். “ஈபில் கோபுரத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்களே! உங்களுக்கு நான் ஒரு குடலைக் காட்டுகிறேன், வாருங்கள்” என்று சொல்லித்தான் என்னைக் கிளப்பியிருந்தார்.

ஒன்றரை மணி நேரப் பிரயாணம். ஷாம்பேன் பிரதேசத்தில், சேன் நதிக் கரையில் இருக்கிறது த்ருவா. 1524-ஆம் வருஷம் பெருந்தீ ஒன்று ஊரின் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிட்டது. அதற்குப் பிறகு கட்டிய வீடுகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, இடைவெளியைச் சாந்தால் பூசிய வீடுகள். மாடிகள் தெருவை நோக்கிப் பிதுங்கிக்கொண்டிருக்கின்றன. ‘பூனைச் சந்து’ என்று ஒரு சந்து. இந்த வீட்டுக் கூரையிலிருந்து எதிர்வீட்டுக் கூரைக்குப் பூனை தாராளமாகத் தாவலாம் என்பதால் அந்தப் பெயர்.

நம் வீட்டுப் பெண்மணிகளுக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. உலகச் சந்தையில் தங்கத்தை ‘ட்ராய் அவுன்ஸ்’ கணக்கில் நிறுக்கிறார்கள் அல்லவா? 31.1 கிராம் கொண்ட அந்த எடைக்கு, மத்திய காலத்தில் இங்கே நடந்த பெரிய சந்தைகளிலிருந்துதான் பெயர் வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

ஆனால் நாங்கள் போனது தங்கத்துக்காக அல்ல. ‘ஆந்தூயெத்’துக்காக.

ஆந்தூயெத் என்பது பன்றியின் குடலாலும் இரைப்பையாலும் செய்யப்படும் ஒரு பண்டம். சைவ நேயர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்களைச் சாப்பிடச் சொல்லவில்லை; கூட வந்து வேடிக்கை பார்த்தால் போதும்.

இறைச்சிக் கடைக்காரர் வாட்டசாட்டமான மனிதர். செய்முறையைக் கைஜாடையுடன் விளக்கினார், நண்பர் தமிழாக்கினார். மற்ற சாஸேஜுகளுக்கு மாமிசத்தை இயந்திரத்தில் போட்டு அரைத்துவிடுவார்கள். உள்ளே என்ன போயிற்று என்பது அரைத்தவருக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம். த்ருவா ஆந்தூயெத்தில் அரைப்பது கிடையாது. குடலையும் இரைப்பையையும் பல தடவை அலசிச் சுத்தம் செய்கிறார்கள். நீள நீளமான நாடாக்களாக நறுக்கி, உப்பு, மிளகு, வெங்காயம் சேர்த்துப் பிசறுகிறார்கள். பிறகு அந்த நாடாக்களை நூல் முடியைப் போல ஒன்றாகச் சேர்த்துக் கயிற்றில் மாட்டி, இன்னொரு குடலுறைக்குள் இழுக்கிறார்கள். அப்புறம் மணிக்கணக்கில் இளந்தீயில் வேகவேண்டும்.

“அவசரக்காரனுக்கு இந்தத் தொழில் ஆகாது. சரியாக அலசாவிட்டால் நாற்றம். அளவுக்கு மீறி அலசினால் ருசி போயிற்று” என்றார் கடைக்காரர்.

கண்ணாடி அலமாரிக்கு மேலே சட்டம் போட்ட ஒரு நற்சான்றிதழ் தொங்கியது. அதில் வரிசையாக ஐந்து ‘ஏ’ எழுத்துக்கள். பட்டமோ என்று நினைத்தேன். பட்டம்தான்! ‘அசல் ஆந்தூயெத் பிரியர்களின் நட்புச் சங்கம்’ என்று ஒரு சங்கம் பிரான்ஸில் இருக்கிறது. அதன் பிரெஞ்சுப் பெயரில் முக்கியமான ஐந்து வார்த்தைகளும் ‘ஏ’யில் தொடங்குகின்றன. அங்கத்தினர்கள் கூடி உட்கார்ந்து ருசி பார்த்து, தேறிய சரக்குக்கு மட்டும் ஐந்து ‘ஏ’ வழங்குகிறார்கள். குடலுக்குப் பட்டமளிப்பு விழா!

ஊர்ப் பெருமைக்கு ஒரு கதையும் வைத்திருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டின் மதச் சண்டையில் அரசரின் சேனை த்ருவாவுக்குள் புகுந்துவிட்டதாம். சிப்பாய்கள் குடல் கடைக்காரர்கள் வாழ்ந்த பேட்டைக்கு வந்ததும் ஆந்தூயெத் வாசனையில் மயங்கி, சண்டையை மறந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குள் ஊர்க்காரர்கள் திரண்டு வந்து அவர்களை விரட்டிவிட்டார்களாம்.

மத்தியானம் ஒரு சிறிய சாப்பாட்டு விடுதிக்குப் போனோம். தட்டு வந்தது. நெருப்பில் வாட்டிய ஆந்தூயெத், பக்கத்தில் கடுகுச் சாறு, வறுத்த உருளைக்கிழங்கு. கத்தியை வைத்ததும் உறை பிளந்து நாடாக்கள் வெளியே சரிந்தன. கூடவே அந்த வாசனையும் வந்தது. அதை எப்படிச் சொல்வது? தொழுவத்தின் வாசனை என்று மரியாதையாகச் சொல்லி வைக்கிறேன்.

நான் தயங்குவதைக் கண்டு நண்பர் சிரித்தார். “எதுவார் எரியோ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். லியோன் நகரத்துக்கு நெடுங்கால மேயர். மூன்று முறை பிரான்ஸின் பிரதம மந்திரி. அரசியலும் ஆந்தூயெத்தும் ஒன்று, கொஞ்சம் ‘அந்த’ வாசனை அடிக்கத்தான் வேண்டும், அதிகமாகிவிடக் கூடாது என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள்.”

பக்கத்து மேஜையில் ஒரு பாட்டியும் பேரனும் அதே பண்டத்தை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விடுதியின் கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசனை தெருவுக்குப் போயிற்று. யாரும் அதற்காக வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

எனக்குத்தான் தொண்டை அடைத்தது. வாசனையால் அல்ல.

கல்லூரி நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல் பக்கம் எங்கள் வீடு. அம்மா காலையிலிருந்து கொல்லையில் உட்கார்ந்து ஆட்டுக் குடலைக் குச்சியால் புரட்டி, மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்த்து, ஏழெட்டுத் தண்ணீரில் அலசி, குழம்பு வைத்திருந்தாள். கொதி வந்த சமயத்தில், சொல்லாமல் கொள்ளாமல் விடுதித் தோழன் ஒருவன் வந்து நின்றான். பெரிய வீட்டுப் பிள்ளை. நான் சமையலறைக்கு ஓடி, “அந்தச் சட்டியைக் கொல்லைக்குக் கொண்டு போ, அம்மா! நாற்றம் அடிக்கிறது” என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொதிக்கிற சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு குடல் வாங்கும்போதெல்லாம், “இன்னிக்கு யாரும் வரலையே?” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள்.

த்ருவாவில் அன்று தட்டைக் காலி செய்தேன். கடுகும் மிளகும் ஏறிய பிறகு அந்த வாசனை ருசியாக மாறிவிடுகிறது. இரண்டாவது வாயிலேயே அது தெரிந்துவிட்டது.

ஊர் திரும்பி, திண்டுக்கல்லுக்குப் போனேன். “நாளைக்குக் குடல் குழம்பு வை, அம்மா” என்றேன்.

அம்மா வழக்கம்போல, “யாரும் வரலையே?” என்று கேட்டாள்.

“வருகிறார்கள். என் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர். அவர்களுக்காகத்தான் வைக்கச் சொல்கிறேன்.”

அம்மா என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, “அப்படின்னா ஒரு குடல் பத்தாதே! ரெண்டா வாங்கிட்டு வா” என்று சொல்லிவிட்டு, பரணிலிருந்த பெரிய சட்டியை இறக்கப் போனாள்.