முதுமலையில் யார் அந்நியர்?

மாசி பிறந்துவிட்டால் முதுமலையில் தேக்கும் வெண்தேக்கும் இலை கொட்டி எலும்பாக நிற்கும். நடந்தால் சருகு நொறுங்கும். காட்டைக் காப்பது என்றால் தீயைத் தடுப்பது என்றே வெளியிலிருந்து வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நாங்களும் புத்தகங்களில் அப்படித்தான் படித்தோம். ஆனால் பிலிகிரிரங்கன் மலையின் சோளிகர்கள் வேறொன்று சொல்கிறார்கள். பருவத்தின் தொடக்கத்தில், சருகு முழுதாகக் காயுமுன், தரையோடு மெல்ல ஓடும் தீயை வைத்தே அவர்கள் காட்டைப் பராமரித்தார்கள். அது தடை செய்யப்பட்ட பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்பது அவர்கள் வாதம்.

உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. வெள்ளைக்காரர்கள் பூவழகுக்காகத் தோட்டத்தில் வளர்க்கக் கொண்டுவந்தது. அது புதராக மண்டிய இடத்தில் புல் எழும்பாது. புல் இல்லையென்றால் புள்ளிமானுக்கும் காட்டெருமைக்கும் தீனி இல்லை. கோடையில் அந்தப் புதர் வழியே தீ மேலேறி மரத்தையே பிடிக்கிறது. இந்த அந்நியச் செடியை யாரும் ஆக்கிரமிப்பாளர் என்று அழைத்து நோட்டீஸ் அனுப்பவில்லை. அந்தச் சொல்லை மனிதர்களுக்கு என்று வைத்திருக்கிறார்கள்.

தேதிகளைப் பாருங்கள், தோழர்களே. முதுமலையின் 321 சதுர கிலோமீட்டர் புலிகளின் முக்கிய வாழிடமாக அறிவிக்கப்பட்டது 2007 டிசம்பர் 28. வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது டிசம்பர் 31. மூன்றே நாள் இடைவெளி! வனவாசிகளின் உரிமையைப் பாதிக்காமல்தான் இப்படி அறிவிக்க வேண்டும் என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டுத் திருத்தமே சொல்கிறது. காட்டுநாயக்கர், பணியர், பெட்டகுறும்பர் ஆகியோரின் உரிமையை யார் எப்போது கணக்கெடுத்தார்கள்? அதற்குப் பின்னும் தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. 2016இல்தான் அந்தத் தடை நீங்கியது. அதே காலத்தில் யானைகளுக்குத் தடம் பார்க்கவும், தீத்தடுப்புக் கோடு வெட்டவும், வேட்டைத் தடுப்புக் காவலர்களாகத் தற்காலிகக் கூலிக்கு இராக்காவல் இருக்கவும் அதே மக்கள்தான் தேவைப்பட்டார்கள். அறிவு வேண்டும், ஆள் வேண்டாம் என்பது நமக்குப் புதிதல்லவே. சேரியிலும் இதே கணக்குத்தான்.

இனி எங்கள் கதை. எங்கள் வாசிப்பு வட்டத்தில் மூன்று பேருடைய தாத்தா பாட்டிகள், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து கூடலூருக்கு வந்தவர்கள். தாயகம் திரும்பியோர் என்று பெயர். பாதிக்கு மேல் அவர்கள் பார்த்திராத தாயகம். அவர்களில் பெருந்தொகையினர் தலித்துகள். காட்டை வெட்டித் தேயிலை நட்டு அவர்களைக் குடியேற்றியதும் அரசுதான். 1968இல் வனத்துறைத் திட்டமாகவே அது தொடங்கியது.

வன உரிமைச் சட்டத்தில் பழங்குடி அல்லாதவர் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அறுபதுகளில் கப்பலேறி வந்தவர் எப்படிக் காட்டுவார்? 2022இல் தேயிலைக் கழகத்தின் 2,152 ஹெக்டேரை மீண்டும் வனத்துறையிடம் ஒப்படைக்க அரசு முடிவெடுத்தபோது, லயன் வீடுகளில் எழுந்த முதல் கேள்வி யானையைப் பற்றியது அல்ல. “வீடு?” அவ்வளவுதான்.

யானைக்கு வழி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இராத்திரியில் அரிசி வாசனைக்கு யானை லயன் சுவரை இடிப்பதையும், கழிப்பறை இல்லாத பெண்கள் இருட்டில் வெளியே போவதையும் நேரில் கண்டவர்கள் நாங்கள். தேயிலை மீண்டும் காடாகட்டும். அதற்கு முன் பட்டாவோடு வீடு வேண்டும். சீகூர் யானை வழித்தடத்தில் சொகுசு விடுதிகளின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2020இல்தான் தீர்ந்தது. பணக்காரருக்கு அத்தனை ஆண்டு அவகாசம் கிடைத்தது என்றால், கொழுந்து பறிப்பவருக்கு ஒரு வீடு கட்டித்தர அரசால் முடியாதா?

பணியர் காலனித் தோழர்கள் எங்களிடம் ஒன்று கேட்டார்கள்: உங்கள் பட்டா எங்கள் நிலத்தில் விழுமா? நியாயமான கேள்வி. அவர்களும் ஒப்புக்கொள்ளும் வரைபடம் இல்லாமல் மனு கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இப்போது லயன் லயனாகப் போய் பழைய குடும்ப அட்டைகளையும் தாயகம் திரும்பியோர் சான்றுகளையும் நகலெடுத்துக்கொண்டிருக்கிறோம். கூடலூர் வருகிற மாணவர்கள் கையில் ஒரு நல்ல டார்ச்சோடு வாருங்கள். ஆறு மணிக்கு மேல் தனியாக நடக்கக் கூடாது.