காலி இடத்துக்கு பில் விழாது

கேட்ட பொருள் இல்லையென்றால் வாடிக்கையாளர் சண்டை போடுவதில்லை. "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த நஷ்டத்துக்கு பில் விழாது, கணக்கு நோட்டிலும் ஏறாது. அதனாலேயே மளிகைக்காரர்கள் பலர் அதை நஷ்டமாகவே நினைப்பதில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் மாதத்தின் முதல் வாரம்தான் மளிகைக் கடை வைத்திருக்கும் எங்களுக்கு மாதம். சம்பளம் ஏறியதும் வீட்டுக்கு வீடு லிஸ்ட் வரும். துவரம் பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் ஒரே மூச்சில் ஓடும். இருபதாம் தேதிக்கு மேல் சின்ன பாக்கெட்டுகள்தான். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரின் லைன் சேல்ஸ்மேன் வருவது அவருக்குக் குறித்த கிழமையில். அன்று ஆர்டர் குறைந்தால் அடுத்த வாரம்வரை அந்தத் தட்டு காலி. மாதக் கடைசியில் டார்கெட் நெருக்கும்போது ஸ்கீமோடு வருவார்: ஓடுகிற சரக்கு வேண்டுமானால் ஓடாததையும் எடுக்கணும். முதல் அதில் முடங்கும். துணி சோப்பு கூரை தொடும், ஷாம்பு இருக்காது.

வெளியிலிருந்து வரும் தட்டுப்பாட்டை ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. மின்சாரம் தயாரிக்கிற நெய்வேலியைச் சுற்றியிருந்த கிராமங்களே நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மெழுகுவர்த்தி கேட்டு வந்தவர்கள் இல்லை என்றதும் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். 2015 ஜூனில் மேகி நூடுல்ஸ் மறைந்து நவம்பரில் திரும்பியது. அதுவரை சிலர் வேறு நூடுல்ஸுக்கும் சிலர் சேமியாவுக்கும் மாறினார்கள். அப்படி மாறியவர்களைத் திரும்பப் பிடிப்பது கம்பெனியின் தலைவலி.

வரி மாறும்போது வருகிற தட்டுப்பாடு வேறு மாதிரி. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வருவதற்கு முந்தைய வாரங்களில், பழைய வரி கட்டிய சரக்கைத் தேக்கி வைக்க டிஸ்ட்ரிபியூட்டருக்கும் பயம், எங்களுக்கும் பயம். 2025 செப்டம்பரில் சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகும் என்று 3 ஆம் தேதி அறிவித்தார்கள். அமலானது 22 ஆம் தேதி. இடைப்பட்ட நாட்களில் வாங்குகிறவர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். கேட்பாரில்லாததால் தட்டு காலியானது தெரியவே இல்லை.

க்ருயன், கோர்ஸ்டன், பரத்வாஜ் என்ற மூவர் பல நாட்டுக் கடைகளைப் பற்றி 2002 இல் வெளியிட்ட ஆய்வு, சராசரியாக 8.3 சதவீதப் பொருள்கள் அலமாரியில் இருப்பதில்லை என்றது. காரணங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடைக்குள்ளேயே, அதாவது ஆர்டர் போடுவதிலும் தட்டில் அடுக்குவதிலும். கசந்தாலும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கிடங்கில் பெட்டி கிடக்க, தட்டில் இல்லையே என்று ஆளைத் திருப்பியனுப்புவது எல்லாக் கடையிலும் நடக்கிறது. கேட்ட பொருள் கிடைக்காதவர்களில் 31 சதவீதம் பேர் வேறு கடைக்குப் போகிறார்கள் என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. இங்கே அவ்வளவு இருக்காது. கடன் நோட்டு வைத்திருப்பவர் லேசில் கடை மாறமாட்டார், பிராண்டை மாற்றிக்கொள்வார். குழந்தைப் பால் பவுடர் மட்டும் விதிவிலக்கு. செகண்ட் ஷிப்ட் முடிந்து இரவில் வருகிறவரிடம் வேறு டப்பாவை நீட்ட முடியாது. ஒருமுறை இல்லை என்றால், மறுமாத லிஸ்ட்டே வேறு கடைக்குப் போய்விடும்.

அதனால் கல்லா பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கேட்டு இல்லாமற்போனதையெல்லாம் கடைப் பையன் அதில் எழுதுகிறான். சேல்ஸ்மேன் ஸ்கீம் தாளை நீட்டினால் நான் நோட்டை நீட்டுகிறேன். சம்பள வாரத்தில் நோட்டு ஜெயிக்கிறது. மற்ற வாரங்களில் பாதிக்குப் பாதி.