கணக்கில் வராத தொண்டு

ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நம்மில் பலரைப் பற்றியுள்ள ஒரு நோயைக் குறித்து எழுதத் துணிகிறேன். மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணும் நோய் அது. எனக்கும் அது இருந்தது.

திருநெல்வேலிச் சீமையில் என் தந்தையார் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. உடனிருந்து பேணியவன் என் தம்பி. ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்குக் கணக்குக் கேட்பது தொழிலோடு வந்த பழக்கம். ஒரு நாள் தொலைபேசியில் மருந்துச் செலவுக்குக் கணக்குக் கேட்டேன். “அண்ணே, நீங்கள் பணம் அனுப்புகிறீர்கள், நான் அப்பாவைக் கழுவித் துடைக்கிறேன். அதை எந்தக் கணக்கில் எழுத?” என்றான். அன்று முதல் ஆறு மாதம் நான் அவனோடு பேசவில்லை.

அந்நாட்களில்தான் எங்கள் சபையார் சிலரோடு, கல்கத்தா காளிகாட்டில் உள்ள நிர்மல் ஹிருதய் இல்லத்துக்குச் செல்லத் தொடங்கினேன். நானும் நல்லவன்தான் என்று எனக்கே மெய்ப்பித்துக்கொள்ளச் சென்றேன் என்பதே உண்மை.

அவ்வில்லத்தின் வரலாறு பலர் அறிந்ததே. 1946 செப்டம்பர் 10ஆம் நாள் டார்ஜிலிங்குக்கு ரயிலில் சென்றுகொண்டிருந்தபோது, ஏழைகளோடு வாழ்ந்து அவர்களுக்கு ஊழியம் செய்ய இறைவன் அழைப்பதை அன்னை தெரசா உணர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 36. அதுவரை பள்ளி ஆசிரியையாக இருந்தவர், 1948இல் மடத்தைவிட்டு வெளியேறிச் சேரிக்குள் நடந்தார். 1952இல், காளி கோயிலையொட்டி யாத்திரிகர் தங்குவதற்கென்றிருந்த கட்டடத்தில், தெருவில் கிடந்து மடிவோருக்காக இவ்வில்லம் திறக்கப்பட்டது.

எனக்குக் கிடைத்த வேலை கம்பளி துவைப்பது. சில வாரங்கள் சென்றபின், முதியவர் ஒருவருக்குக் கஞ்சி ஊட்டச் சொன்னார்கள். அவர் என் கையைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குச் சினம் பொங்கியது. ‘விடுமுறை நாளில் இவ்வளவு தூரம் வந்தவனுக்கு இதுவா மரியாதை?’ என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் தம்பியிடம் நான் கேட்ட கணக்கு நினைவுக்கு வந்தது. இங்கும் நான் கணக்குத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் துவைத்துக் களைத்து அவர் கட்டிலருகே அமர்ந்திருந்தேன். அவர் தம் பங்கு பிஸ்கோத்தை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். வாங்கத் தயங்கினேன். கொடுக்க வந்தவன் பெறுவதா என்ற எண்ணந்தான் தடுத்தது. அவர் கையை மடக்கவில்லை. வாங்கித் தின்றேன்.

யோவான் சுவிசேஷம் 13ஆம் அதிகாரத்தில், இயேசு தம் கால்களைக் கழுவ வந்தபோது பேதுரு மறுத்ததைப் பலமுறை படித்திருக்கிறேன். அது பணிவு என்றே எண்ணியிருந்தேன். பெறுவதற்கு மனமில்லாதவன் இன்னும் தாழவில்லை என்பது அன்றுதான் விளங்கிற்று. சியால்டாவிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப் பாதையோரத்தில், டிட்டாகரில், தொழுநோயுற்றவர்கள் தறி நெய்கிறார்கள். அன்னையின் சகோதரிகள் உடுத்தும் நீலக்கரை வெண்சேலைகள் அங்கே நெய்யப்படுபவை. ஊழியம் செய்கிறவர்களின் மேனியை மூடுவது ஊழியம் பெறுகிறவர்களின் உழைப்பு.

தொண்டு செய்தால் மனம் மகிழும் என்பார்கள். அதுவும் முழு உண்மையன்று. 1997இல் மறைந்த அன்னையின் கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தன. இறைவன் அருகிலிருப்பதை உணராமல் அவர் உள்ளம் நெடுங்காலம் இருண்டு கிடந்ததை அவை காட்டின. ஆயினும் அவர் வேலையை நிறுத்தவில்லை. ஊழியம் மகிழ்ச்சியைக் கூலியாகத் தருவதன்று. கூலி கேட்கும் மனத்தைச் சிறிது சிறிதாகத் தேய்ப்பது.

விடுப்பு எடுத்து ஊருக்குச் சென்றேன். மறுநாள் காலை தம்பி வெந்நீர் காய்ச்சி எடுத்து வந்தான். பாத்திரத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். தந்தையாரைத் திருப்பத் தெரியாமல் தடுமாறியபோது, “தோளை இழுக்காதீர்கள், இடுப்பில் கை கொடுங்கள்” என்றான். தமையனாகிய நான் தம்பியிடம் பாடம் கேட்டேன். துடைத்து முடித்ததும் தந்தையார் குழறிய நாவால் எங்கள் இருவர் பெயரையும் சேர்த்துச் சொன்னார். நான் கணக்குக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். “முதுகு ஈரமாயிருக்கிறது, துண்டை எடுங்கள்” என்றான் தம்பி. அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள், பெட்டி நிறையப் பொருள் கொண்டுசெல்லுங்கள். சென்றபின், உங்கள் கைகளுக்கும் அங்கே ஒரு வேலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.