சொறி, நோ நொர்ஸ்க்

காம்பிங்குக்குக் காசு கட்டி நிற்பவர்களை நான் நெடுங்காலம் இளக்காரமாகத்தான் பார்த்துவந்தேன். வரிசையாக நிறுத்தின வெள்ளை வண்டிகள், ஒவ்வொன்றிலிருந்தும் மின்பெட்டிக்கு ஓடுகிற வயர், துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்கு முன்னால் காத்து நிற்கிற சனம். இதுக்காகவோ வீட்டை விட்டு வெளிக்கிட்டவை என்று மனுசியிடம் நக்கலடிப்பேன். நாங்கள் வேறு சாதி. கடலைப் பார்த்தபடி, ஆளரவம் இல்லாத இடத்தில் நிற்கிறவர்கள். ஒஸ்லோவில் தமிழ்ச் சனம் கூடுகிற இடமெல்லாம் இந்தப் பெருமையை அவிழ்த்திருக்கிறேன். பிறந்தநாள், சாமத்தியவீடு, ஒன்றையும் மிச்சம் விடவில்லை. என் கதையைக் கேட்டு பூபில் வாங்கினவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் உள்ளுக்குள்ளேயே இருக்கிற வண்டியை நோர்வேயில் பூபில் என்பார்கள். சாதாரணக் கார் லைசென்ஸுடன் 3,500 கிலோ வரை ஓட்டலாம். கூரையில் சோலார் தகடு, நூறு லீற்றர் அளவில் தண்ணித் தொட்டி, காஸில் ஓடுகிற குளிர்சாதனப் பெட்டி. சிக்கனமாகப் பாவித்தால் இரண்டு மூன்று நாட்களுக்கு யாருடைய தயவும் தேவையில்லை. அதுதான் ஆளைக் கெடுக்கிறது.

சட்டம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். காட்டிலும் மலையிலும் கரையிலும், யாருடைய காணியாக இருந்தாலும் எவரும் நடக்கலாம், தங்கலாம் என்ற பழைய வழக்கத்தை 1957 இல் நோர்வே சட்டமாக்கியது. பயிரிடாத நிலத்தில் கூடாரம் அடிக்கலாம். குடியிருக்கிற வீட்டிலிருந்து 150 மீற்றராவது தள்ளி நிற்கவேணும். இரண்டு இரவுக்கு மேல் என்றால் உரிமையாளரைக் கேட்கவேணும், தொலைவான மலைப்பக்கங்களைத் தவிர. ஆனால் இந்தத் தாராளம் நடந்து போகிறவனுக்கு. வெளிநிலத்தில் மோட்டார் வண்டி ஓட்டுவதை 1977 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பூபிலுக்கு மிஞ்சுவது வீதியோரமும், தடைப்பலகை இல்லாத தரிப்பிடமும்தான். இதெல்லாம் தெரிந்துகொண்டே “இந்த நாட்டில் எங்கேயும் நிற்கலாம், அது எங்கட உரிமை” என்று ஊருக்குச் சொல்லித் திரிந்தேன். நடக்கிறவனுக்குக் கொடுத்ததை மூன்றரைத் தொன் வண்டிக்கு எழுதிக்கொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், முதலில் காசு என்றுதான் வரும். காம்பிங்கில் ஓர் இரவுக்கு முந்நூறு, நானூறு குரோனர், கரண்டுக்கு மேலதிகம். கோடை முழுக்கக் கூட்டினால் பெரிய தொகை என்று கணக்குக் காட்டுவேன். ஐந்து இலட்சம் குரோனருக்கு மேல் கொடுத்து வாங்கி, வருசத்தில் பெரும்பகுதியும் முற்றத்தில் நிற்கிற வண்டியைப் பற்றி அந்தக் கணக்கில் ஒரு வரியும் இராது. மனுசி அதைச் சுட்டிக் காட்டினால் பேச்சை மாற்றிவிடுவேன்.

காசுக்குக் கீழே இன்னொன்று கிடந்தது. அதைச் சொல்லத்தான் கூச்சம். ஆரம்ப காலத்தில் ஒருமுறை காம்பிங்கின் பொதுச் சமையலறையில் கருவாட்டுக் குழம்பு வைத்தோம். பக்கத்து அடுப்பில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழும்பிப் போய் யன்னலைத் திறந்தாள். வெக்கைக்காகவும் இருந்திருக்கலாம். அவள் ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைச் சுளிக்கவுமில்லை. நான்தான் சட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் ஓடினேன். அதற்குப் பிறகு காம்பிங் என்றாலே எனக்கு அந்த யன்னல். சனத்தைக் கண்டு ஒளிக்கிற குணத்துக்கு இயற்கைக் காதல் என்று பெயர் வைத்துக்கொண்டு வாழப் பழகிவிட்டேன். இத்தனைக்கும், லொபோத்தன் தீவுகளில் மாரி முடிவிலிருந்து வசந்தம் வரை ஊர் முழுக்கக் கொட் மீன் மரச்சட்டங்களில் காய்கிறது. அந்த மணத்தைக் காசின் மணம் என்பார்கள் அங்கே. கருவாட்டுக்கு ஒளிக்கத் தேவையில்லாத இடம் உலகத்தில் ஒன்று இருக்குமென்றால் அது லொபோத்தன்தான்.

அங்கேதான் மாட்டுப்பட்டேன்.

லொபோத்தனில் சுமார் 25 ஆயிரம் பேர்தான் குடியிருக்கிறார்கள். கோடையில் வருகிறவர்களின் தொகை அதைப் போலப் பல மடங்கு. ஈ10 என்ற ஒரே பெருந்தெரு தீவுகளைக் கோத்துக்கொண்டு போய் ஓ என்ற சின்ன ஊரில் முடிகிறது. பக்கத்துக் கிளைவீதிகள் ஒடுக்கம். எதிர்வருகிற வண்டிக்கு இடம் கொடுப்பதற்கென்று எம் எழுத்துப் பலகையோடு ஒதுக்கிடங்கள் விட்டிருப்பார்கள். அவற்றில் பூபிலை நிறுத்திவிட்டு நித்திரை கொள்கிறவர்கள் உண்டு. பொறுத்துப் பார்த்துவிட்டு, அங்குள்ள உள்ளூராட்சிகள் அண்மை ஆண்டுகளில் சில கரைகளிலும் தரிப்பிடங்களிலும் இரவு தங்குவதைத் தடுத்துவிட்டன. அப்படி ஒரு பலகை நின்ற கடற்கரையிலிருந்து திரும்பி, மூக்குக்கு மேல் கோபத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சரளைப் பாதை கண்ணில் பட்டது. கடைசியில் ஒரு புல்வெளி, அதற்கப்பால் கடல். வேலி இல்லை, பலகை இல்லை.

அது புல்லுத் தோட்டம் என்று பார்த்தவுடனே எனக்குத் தெரியும். உயரம் ஒரே அளவு, களை இல்லை, உரம் போட்ட பச்சை. மாரியில் ஆட்டுக்குப் போடுவதற்கு வெட்டிச் சுருட்டி வைக்கிற புல்லு. பயிர் நிலத்துக்குள், சட்டப்படி, ஏப்ரல் 30 முதல் ஒக்டோபர் 14 வரை நடந்துகூடப் போகக்கூடாது. மற்ற மாதங்களிலும் நிலம் உறைந்தோ பனி மூடியோ இருந்தால்தான் போகலாம். நான் யூலையில், வண்டியோடு ஏறினேன். முன்சில்லு இரண்டும் பாதையில் நிற்கிறதுதானே என்று மனுசிக்குச் சமாதானம் சொன்னேன். “ஆற்றையோ காணியப்பா, வேண்டாம்” என்றாள். “வேலி இல்லாத காணி ஆற்றையும் இல்லை” என்றேன்.

இதைச் சொன்னது யாழ்ப்பாணத்தான். வேலி அடைக்கிற ஒவ்வொரு முறையும் பக்கத்து வளவுக்காரர் கதியாலை இங்கால் தள்ளி நடுகிறார் என்று எங்கள் ஐயா கோட்டுக்குப் போனவர். அந்த வழக்கின் செலவுக்கு அதைவிடப் பெரிய காணியே வாங்கியிருக்கலாம் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. ஒரு விரற்கடை நிலம் எப்படி ஒரு மனிசனின் நித்திரையைக் கெடுக்கும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல ஏலாது.

விடிய, அங்கே விடிதல் என்று ஒன்று அந்த நாட்களில் இல்லை, காலை ஏழு மணி போல, உழவு இயந்திரச் சத்தம் கேட்டது. பின்னால் புல்வெட்டி பூட்டியிருந்தது. வயதான மனிசன் இறங்கி வந்து கதவைத் தட்டினார். “குட் மொறென்” என்று தொடங்கி, மழை வருகிறதாம், அதற்கு முன்னம் வெட்டவேணும், வண்டி நிற்கிற இடத்தில் புல்லு படுத்துவிட்டது, படுத்த புல்லை வெட்டி பிடிக்காது என்று விளங்கப்படுத்தினார்.

ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. நோர்வேக்கு வந்த புதிதில் நான் வேலை செய்தது வடக்கே பின்மார்க்கில், ஒரு மீன் தொழிற்சாலையில். எண்பதுகளில் வந்த எங்கள் ஆட்கள் கனபேருக்கு அதுதான் முதல் வேலை. உள்ளூர்ப் பெடியள் விட்டுப்போன குளிரில் நாங்கள் மீன் வெட்டினோம். என் நொர்ஸ்க் புத்தகத்தில் படித்த மொழியில்லை, வடக்குக் கிழவர்கள் பக்கத்தில் நின்று கத்தியைப் பிடிக்கக் காட்டித் தந்தபோது காதால் வாங்கினது. இந்த மனிசனின் பேச்சிலும் அந்த வடக்கு இழுவை இருந்தது.

அந்த மனிசனைப் பார்த்து, “சொறி, நோ நொர்ஸ்க்” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை, ஆனால் தவறி வந்ததுமில்லை. பலகையை வாசிக்கத் தெரிந்தவன், சட்டம் தெரிந்தவன், வரி கட்டுகிற குடிமகன் என்று நின்றால் குற்றவாளி. ஒன்றும் தெரியாத உல்லாசப் பயணி என்றால் பாவம், விட்டுவிடுவார்கள். வண்டியின் நோர்வே இலக்கத் தகட்டைப் பார்த்தாலும் வாடகை வண்டி என்று நினைப்பார். என் தோல் நிறமும் அதற்கு ஒத்தாசை செய்யும் என்று அந்த ஒரு கணத்தில் கணக்குப் போட்டேன். ஒஸ்லோவில் ஒரு அலுவலகத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தி ஆங்கிலத்தில் தொடங்கினபோது, “நான் நொர்ஸ்க் கதைப்பேன்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டவன் நான்தான்.

மனிசன் கொஞ்சம் திகைத்தார். பிறகு தன் ஆங்கிலம் சரியில்லை, மன்னிக்கவேணும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொற்களைத் தேடித் தேடி, கையால் மழையைக் காட்டி, புல்லைக் காட்டி, திரும்பவும் முழுவதையும் சொன்னார். காம்பிங் எந்தப் பக்கம் என்று தன் கைபேசியில் வரைபடம் எடுத்துக் காட்டினார். முதல் தரம் கேட்கிறவனைப் போல நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே மனுசி கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு அப்படியே இருந்தாள். வண்டியை எடுத்தபோது பின்சில்லு சுழன்று புல்லைக் கிழித்து மண்ணைக் காட்டியது. மனிசன் கையசைத்து வழி அனுப்பினார்.

“உங்களுக்கு வெக்கமா இல்லையோ?” என்று மனுசி கேட்டது ஈ10 க்கு ஏறின பிறகுதான். நான் றேடியோவைப் போட்டேன்.

அன்றைக்கே நடந்த மற்றதையும் சொல்லிவிடுகிறேன். பூபில் கக்கூசின் கழிவு கசெற் என்ற பெட்டிக்குள் விழும். இருபது லீற்றருக்குள் கொள்ளும். மணத்தை அடக்க உள்ளே இரசாயனத் திரவம் ஊற்றி வைப்போம். அதை வெற்றாக்கவென்று பெற்றோல் நிலையங்களிலும் துறைமுகங்களிலும் இடம் உண்டு, பல இடங்களில் காசும் இல்லை. காம்பிங்கில் கேட்கவே வேண்டாம். எங்கள் கசெற் நிரம்பிச் சிவப்பு விளக்குக் காட்டியது. அடுத்த நிலையம் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் பின்னால். திரும்பி ஓட்ட மனமில்லை. வீதியோரத்தில் பயணிகளுக்கென்று கட்டியிருந்த கழிப்பறைக்குள் கொண்டுபோய் ஊற்றினேன். கசெற் ஊற்றவேண்டாம் என்று சுவரில் ஒட்டியிருந்தது, நொர்ஸ்க்கிலும் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும். அப்படியான கழிப்பறைகள் பலவற்றுக்குக் கீழே இருப்பது ஒரு தொட்டி. அதற்குள் கழிவைத் தின்று கரைக்கிற பக்டீரியாவை இந்தத் திரவம் கொன்றுவிடும். இதுவும் எனக்குத் தெரிந்த விசயந்தான். கள்ளனுக்கு இருட்டு வேணும் என்பார்கள். எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. நடுச்சாமத்தில் பட்டப்பகல் வெளிச்சம், வீதியில் ஒரு சைக்கிள்காரி தண்ணிப் போத்தலோடு நின்று என்னையும் பெட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நான் காம்பிங்குக்குப் போகிறேன். திருந்திவிட்டேன் என்று எழுத ஆசை. ஆனால் பாதிதான் உண்மை. காசு கட்டும்போது இன்னும் கை இழுக்கிறது. துறைமுகங்களில் பூபிலுக்கென்றே விட்டிருக்கிற தரிப்பிடங்களைத் தேடிப் போகிறேன். கரண்டும் தண்ணியும் இருக்கும், விலை குறைவு, பொதுச் சமையலறை இல்லை. யன்னல் பயம் போகவில்லை என்பது இதிலிருந்து தெரியும். மலைக் கணவாய்களில், வீடு வாசல் இல்லாத தார்த் தரிப்பிடத்தில் ஓர் இரவு நிற்பதில் இப்போதும் எனக்குக் குற்றம் தெரியவில்லை; கசெற் வெற்றாக இருந்தால், குப்பை வண்டிக்குள்ளேயே கிடந்தால், அதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் கோடையில் நெருக்கடிபடுகிற சின்ன ஊர்களில் காம்பிங் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க் குடும்பங்கள்தான். வேளாண்மையும் மீனும் மட்டும் போதாது என்று காணியின் ஒரு மூலையில் கரண்டுப் பெட்டி நட்டவர்கள். அவர்கள் கேட்கிற முந்நூறைக் கொடுக்காமல், அவர்களுடைய கடலையும் மலையையும் பார்த்துவிட்டுக் கழிவை விட்டுவந்ததைத்தான் நான் சாமத்தியவீடுகளில் சுதந்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மனிசனுக்கு ஒரு கடிதம் எழுதலாம். பாதை தெரியும், வீட்டின் நிறம் தெரியும், விலாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நொர்ஸ்க்கில்தான் எழுதவேணும். அங்கேதான் நின்றுவிடுகிறேன், நொர்ஸ்க்கில் எழுதின முதல் வரியிலேயே நான் பொய் சொன்னது அவருக்குத் தெரிந்துவிடும். புல்லுக்கு மன்னிப்புக் கேட்கிற துணிவு எனக்கு உண்டு. மற்றதற்கு இல்லை.

அடுத்த கோடைக்கும் லொபோத்தன் போவோம் என்கிறாள் மனுசி. ஓ வரைக்கும் நாங்கள் போய்ச் சேரவே இல்லையாம். நான் ஹெல்கெலாண்ட் கரையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்டைன்கியரிலிருந்து பூடோ வரைக்கும் ஆறு பெரிகள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்கிறேன். பிள்ளைகள் இரண்டும் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள்.