திரும்பும் தண்ணீர்

மோஜிகோ என்றதும் எனக்கு ஒரு குடிநீர்க் குழாய்தான் முதலில் நினைவுக்கு வரும். ஜப்பானின் கியூஷு தீவு வடக்கே கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது அந்த ரயில் நிலையம். நாடே போற்றிக் காக்கும் கட்டடம். ஆனாலும் மனசு முதலில் போய் நிற்பது அதன் ஓரத்தில் இருக்கும் அந்தக் குழாயடியில்தான். 'கயெரி மிஸு' என்று அதற்குப் பெயர். திரும்பி வருகிறவர்களின் தண்ணீர். இரண்டாம் உலகப் போர் முடிந்து கடல் கடந்து வந்தவர்கள், ஊருக்கு ரயில் ஏறும் முன் இங்கே தொண்டை நனைத்தார்கள். வந்து சேர்ந்துவிட்டோம் என்ற நிம்மதியோடு குடித்த தண்ணீர்.

நான் அந்த நிலையத்துக்குப் போனது, பக்கத்தில் இருக்கும் கொக்குராவில் வேலை பார்த்த நாட்களில். அங்கிருந்து மோஜிகோவுக்கு ரயிலில் கால் மணி நேரம்தான். முதல் தடவை போனபோது கட்டடத்தைப் பார்க்கவே முடியவில்லை. 2012இல் தொடங்கிய புதுப்பிப்பு வேலைக்காக அதை முழுக்க மூடி வைத்திருந்தார்கள். மனசு வாடி நடைமேடைக்கே திரும்பி, தண்டவாளம் முடியும் இடத்தைப் பார்த்தபடி நின்றேன். ககோஷிமா பிரதான பாதையின் தொடக்கம் அது. அதைத் தாண்டிப் பாதை கிடையாது. எந்த ரயில் வந்தாலும் வந்த வழியேதான் திரும்ப வேண்டும். அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

பாதை ஏன் அங்கே முடிகிறது என்றால், கடல்தான் காரணம். எதிர்க்கரையில் ஹோன்ஷு தீவின் ஷிமோனோசெகி. நடுவே கன்மோன் நீரிணை. மிகக் குறுகிய இடத்தில் ஒரு கிலோமீட்டர்கூட அகலமில்லை. ஒரு காலத்தில் உப்பளங்கள் இருந்த இந்தக் கரை, நிலக்கரி ஏற்றும் துறைமுகமாக மாறியது. 1891இல் ரயில் வந்தது. நிலையத்துக்கு அன்றைய பெயர் மோஜி. 1901இல் ரயில் பயணிகளை அக்கரைக்குக் கொண்டுபோகும் கப்பல் ஓடத் தொடங்கியது. 1914இல் இப்போதைய கட்டடம் எழுந்தது. ரயிலை விட்டு இறங்கியவர்கள் நிலையத்துக்குள்ளேயே இருந்த ஒரு வழியில் நடந்து கப்பல்துறைக்குப் போனார்கள்.

2019இல் மூடியிருந்ததெல்லாம் எடுத்தாகிவிட்டது என்று கேள்விப்பட்டு மறுபடியும் போனேன். சதுக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தேன். ஐரோப்பிய மறுமலர்ச்சிப் பாணி. நடுவில் கோடு கிழித்தால் இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்கும். தூரத்திலிருந்து கல் கட்டடம் என்றே தோன்றும். கிட்டே போனால்தான் தெரிகிறது, இரண்டு மாடியும் மரம். மோஜி என்ற பெயரின் முதல் எழுத்துக்கு 'வாயில்' என்று பொருள். அந்த எழுத்தின் வடிவம் முகப்பில் தெரிகிறது என்பார்கள். எனக்கும் தெரிந்தது. 1988இல் நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்ட முதல் ரயில் நிலையக் கட்டடம் இது. தோக்கியோ நிலையத்துக்கே அந்தச் சிறப்பு பின்னால்தான் கிடைத்தது.

உள்ளே முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகள் காத்திருந்த அறையில் இப்போது டிக்கெட் கொடுக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு அறை காபிக் கடையாகிவிட்டது. அங்கே உட்கார்ந்து, மூட்டை முடிச்சோடு கப்பலுக்குக் காத்திருந்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காத்திருப்பு 1942இல் குறைந்துபோனது. கடலுக்கு அடியில் 3.6 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து ரயிலை விட்டார்கள். சுரங்கத்திலிருந்து வெளிவரும் ரயில் சற்றுத் தள்ளி இருந்த தய்ரி நிலையத்தில் நின்றது. மோஜி என்ற பெயரையும் தய்ரிக்கே கொடுத்துவிட்டார்கள். 'துறைமுகம்' என்ற பொருள்படும் 'கோ' சேர்ந்து இந்த நிலையம் மோஜிகோ ஆயிற்று. கப்பல் மட்டும் 1964 வரை ஓடியது. அக்கரைக்குப் போகும் ரயில்கள் சுரங்கத்தின் வழியே போகத் தொடங்கிய பிறகும் இந்த மரக்கட்டடம் அப்படியே நின்றது. இடித்துப் பெரிதாகக் கட்ட வேண்டிய நெருக்கடி இதற்கு வரவில்லை என்றே நினைக்கிறேன்.

கப்பலுக்குப் போன அந்த வழியின் அடையாளம் இன்னும் மிச்சமிருக்கிறது. பக்கத்துச் சுவரில் ஒரு சின்னத் துளை. போர்க்காலத்தில் அதன் வழியாகப் போகிறவர் வருகிறவர் முகங்களைக் கண்காணித்தார்களாம். குனிந்து பார்த்தேன், உடம்பு கூசியது. அதே நிலையத்தில் வெண்கலத்தாலான கைகழுவும் தொட்டி ஒன்றும் இருக்கிறது. ஆயுதம் செய்ய உலோகத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு போன நாட்களில் எப்படியோ தப்பியது. அதனால் அதை அதிர்ஷ்டத் தொட்டி என்கிறார்கள்.

தொட்டி தப்பியது. மனிதர்கள்? மோஜி துறைமுகத்திலிருந்துதான் லட்சக்கணக்கான வீரர்கள் கப்பலேறினார்கள். குதிரைகளையும் ஏற்றினார்கள். கப்பலுக்குப் போகும் முன் அவை தண்ணீர் குடித்த தொட்டி ஒன்று ஊருக்குள் இன்னும் இருக்கிறது. புறப்பட்டவர்களும் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போயிருப்பார்கள். அந்தத் தண்ணீருக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

கொக்குராவை விட்டுக் கிளம்பும் வாரத்தில் கடைசியாக ஒரு தடவை மோஜிகோவுக்குப் போனேன். குழாயைத் திறந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன். சாதாரணத் தண்ணீர்தான். ஆனால் விழுங்கும்போது தொண்டை அடைத்தது. நடைமேடையில் ரயில் நின்றிருந்தது, தண்டவாளம் முடியும் இடத்தைப் பார்த்தபடி. சற்று நேரத்தில் அது வந்த வழியே திரும்பிப் போகும். இந்த நிலையத்துக்கு வந்த ரயில்கள் எல்லாம் திரும்பின. இறங்கிக் கப்பலேறியவர்கள் எல்லாரும் திரும்பவில்லை. குழாயை இறுக மூடிவிட்டுப் போய் ரயிலில் உட்கார்ந்தேன்.